செல்லின் தோலை வளைப்பது யார்? – ஒரு கூடையின் வரலாறு

பெண் கொசு நம்மைக் கடிப்பது முக்கியமாகத் தன் முட்டைகளுக்காக! குடித்த இரத்தத்தைக் கொண்டு அதன் உடல் மஞ்சள்கருப் புரதத்தைத் தயாரிக்கிறது. அந்தப் புரதம் முட்டை செல்லுக்குள் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போகிறது? இந்தச் சின்னக் கேள்வியிலிருந்துதான் உயிரியலின் ஒரு பெரிய கதை தொடங்குகிறது.

ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன இந்தச் சவ்வு, தானாகக் கூர்மையாக வளைந்துவிடாது. ஆனால் வெளியே இருக்கும் பெரிய மூலக்கூறு உள்ளே வர வேண்டுமென்றால், சவ்வு குழிந்து, ஒரு பையாகி, அறுந்து உள்ளே விழ வேண்டும். அப்படியானால் அதை வளைப்பது யார்?

கொசு முட்டையில் தெரிந்த குழிகள்

1964ல் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் என்ற இருவர் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் முட்டை செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். (ஆமாம், டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான்!) இரத்தம் குடித்த பிறகு முட்டை செல்லின் மேற்பரப்பில் குழிகள் 15 மடங்கு அதிகமாகியிருந்தன. ஒவ்வொரு குழியிலும், சவ்வின் செல் உட்பக்கமாக, பிரஷ் முடி போல ஏதோ ஒட்டியிருந்தது. குழிகள் பைகளாக அறுந்து உள்ளே போனதும் அந்த முடிப் பூச்சு காணாமல் போயிற்று. அது என்ன பொருள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கால்பந்தும் பன்றி மூளையும்

1969ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கனசெகி, கடோட்டா இருவரும் கினிப்பன்றியின் மூளையிலிருந்து இத்தகைய பைகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். முடி போலத் தெரிந்தது முடியே அல்ல. பையைச் சுற்றிப் பின்னிய ஒரு கூடை! அறுகோணங்களும் ஐங்கோணங்களும் கலந்த பின்னல்.

பழைய தோல் கால்பந்தை நினைத்துப் பாருங்கள். அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தரையில் பதித்த ஓடு மாதிரி தட்டையாகவே இருக்கும். நடுவில் ஐங்கோணங்கள் வந்தால்தான் வளையும். பந்து முழுதாக மூட வேண்டுமானால் சரியாக 12 ஐங்கோணங்கள் தேவை. அறுகோணங்கள் ஐங்கோணங்களாக மாறும்போதுதான் சவ்வு வளைகிறது என்று அந்த இருவரும் ஊகித்தார்கள்.

கூடை எதனால் ஆனது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் பன்றி மூளைகளிலிருந்து இந்தப் பைகளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார். கூடையில் பெரும்பகுதி ஒரே ஒரு புரதம்தான் என்று தெரிந்தது. 1976ல் அதற்கு 'கிளாத்ரின்' என்று பெயர் வைத்தார். பின்னல் தட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1981ல் அந்தப் புரதத்தின் உருவமும் தெரிந்தது. மூன்று வளைந்த கால்கள். சோதனைக் குழாயில் சவ்வே இல்லாமல் விட்டாலும், இந்த முக்கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தாமாகவே கூடை பின்னிவிடுகின்றன!

உள்ளே வராத கொலஸ்ட்ரால்

இதற்கிடையில் அமெரிக்காவின் டல்லஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் வேறொரு பிரச்னையில் மூழ்கியிருந்தார்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் கொலஸ்ட்ரால் பல மடங்கு அதிகம். பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரும் கொடுமை.

கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகள்களைப் பிடிக்க செல்லின் மேல் ஒரு ஏற்பி இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்த ஏற்பியே சரியாக இல்லை. ஆனால் ஒரு நோயாளியின் செல்கள் மட்டும் புதிராக இருந்தன. ஏற்பி இருந்தது, துகளைப் பிடித்தது, ஆனால் உள்ளே கொண்டுபோகவில்லை!

ரிச்சர்ட் ஆண்டர்சனோடு சேர்ந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை கிடைத்தது. செல் மேற்பரப்பில் கிளாத்ரின் குழிகள் பிடித்திருக்கும் இடம் சுமார் 2 சதவீதம்தான். சாதாரண செல்லில் ஏற்பிகளில் பாதிக்கு மேல் அந்தக் குழிகளில் கூடியிருக்கும். இந்த நோயாளியின் ஏற்பிகளோ குழிகளுக்கு வராமல் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. 1986ல் காரணம் தெரிந்தது. ஏற்பியின் உட்பக்க வாலில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அவ்வளவுதான்!

இந்த ஆய்வுகளுக்காக 1985ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும், அதற்குப் பின் வந்த ஸ்டாட்டின் மாத்திரைகளும் இந்த ஏற்பிகளை அதிகமாக்கித்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கின்றன. அந்த ஏற்பிகளும் கிளாத்ரின் கூடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

விறைத்து விழுந்த ஈக்கள்

குழி பையாகிவிட்டது. கழுத்தை அறுப்பது யார்? 1973ல் கனடாவில் டேவிட் சுசுகியின் குழுவினர் ஒரு விசித்திரமான பழ ஈ வகையைப் பற்றி எழுதினார்கள். 29 டிகிரியில் வைத்தால் செயலற்று விழும், குளிர்ந்தால் எழுந்து நடக்கும். மரத்துப்போதலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான 'ஷிபிரே' அதன் பெயரானது. வெப்பத்தில் அதன் நரம்பு முனைகளில் குழிகள் கழுத்தோடு நின்றுவிடுகின்றன, அறுவதில்லை என்று பின்னர் தெரிந்தது. 1989ல் கன்றின் மூளையில் 'டைனமின்' என்ற புரதத்தை வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1991ல் இரண்டும் ஒன்று சேர்ந்தன. ஈயில் கெட்டிருந்தது டைனமின் மரபணுதான்! இந்தப் புரதம் கழுத்தைச் சுற்றி வளையமாக இறுக்கி அறுக்கிறது.

வாழைப்பழமும் ஆப்பும்

பியர்ஸ் வேலை செய்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி மக்மஹோனின் குழு 2002ல் எப்சின் என்ற புரதத்தை ஆராய்ந்தது. அது தன் ஒரு பகுதியை ஆப்பு மாதிரி சவ்வுக்குள் செருகி வளைக்கிறது. 2004ல் அதே குழு ஆம்பிபைசின் என்ற புரதத்தின் ஒரு பகுதியைப் படம் பிடித்தது. அச்சு அசலாக வாழைப்பழ வடிவம்! அதன் உள்வளைவில் சவ்வு ஒட்டிக்கொள்கிறது. ஆக, வளைப்பது ஒருவர் வேலை அல்ல, கூட்டு வேலை.

கூடை முதலில் தட்டையாகப் பின்னப்பட்டு அப்புறம் வளைகிறதா, தொடக்கத்திலிருந்தே வளைந்துதான் வளர்கிறதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. கொசு முட்டை, பன்றி மூளை, பழ ஈ... இவற்றில் எதற்கும் முன்கூட்டியே லாபக் கணக்குப் போட்டிருக்க முடியாது. ஆனாலும் செல்லின் சவ்வு எப்படி வளைந்து அறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இவை எல்லாமே உதவின.