கொள்ளைநோய்க் காலமும் சமுதாயத்தின் பங்கும்: சிங்கப்பூர் கற்ற பாடம்

பொன்விழா மலர்களில் தலைவர்கள், கட்டடங்கள், விழாக்கள் பற்றிய வரலாறு இடம்பெறுவது வழக்கம். நாம் அனைவரும் வாழ்ந்து கடந்த கொவிட்-19 காலத்தின் வரலாறும் இம்மலரில் பதிவாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நோய் ஏழை, பணக்காரர் பார்ப்பதில்லை என்று அன்று பலரும் சொன்னார்கள். நடந்தது வேறு. தங்கிய இடம், அறிந்த மொழி, மருத்துவரை அணுகக் கிடைத்த வழி ஆகியவை யாரை எவ்வளவு பாதிக்கும் என்பதைத் தீர்மானித்தன.

முன்னோர் கண்ட தனிமை

இந்த வேறுபாடு புதியதன்று. 1873ஆம் ஆண்டின் வாந்திபேதிக்குப் பிறகு, 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய புலம்பெயர்ந்தோரும், ஹஜ் கடமை முடித்துத் திரும்பிய பயணிகளும் அங்கே தங்கவைக்கப்பட்டனர். நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் மேல்தளப் பயணிகளாக வந்த நம் பாட்டன்மார் பலருக்கு, இந்த மண்ணில் முதல் அனுபவமே அத்தகைய முகாம்தான்.

1918இல் உலகை உலுக்கிய விஷக்காய்ச்சல் மலாயாவிலும் பரவியது. அப்போது அதிகமாக மடிந்தவர்கள் இந்தியத் தொழிலாளர்களே. தோட்டங்களின் லயன் வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தவர்களுக்குத் தனித்திருக்க இடமும் இல்லை, ஓய்வெடுக்க வழியும் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு வகைக் கட்டடத்தில் அதே நெருக்கம் திரும்பியது.

விடுதிகளில் பரவிய தொற்று

சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 தொற்று 2020 ஜனவரி 23ஆம் நாள் உறுதியானது. தொடக்க வாரங்களில் அரசு மேற்கொண்ட தொடர்புத் தடமறிதல் உலகின் பாராட்டைப் பெற்றது. ஆனால் கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் விடுதிகளில் நோய் பரவத் தொடங்கியபோது நிலைமை மாறியது. ஏப்ரல் 5ஆம் நாள் பொங்கோல் எஸ்11 விடுதியும் வெஸ்ட்லைட் தோ குவான் விடுதியும் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் அறைகளைவிட்டு வெளியே வர முடியாமல் போனது. இரண்டு நாள் கழித்து, சர்க்கிட் பிரேக்கர் என்று நாம் அழைத்த கட்டுப்பாட்டுக் காலம் நாடு முழுவதும் தொடங்கியது.

நம்மிடம் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்றார்கள். நமக்கு வீடு இருந்தது. ஒரே அறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் படுத்துறங்கி, பொதுச் சமையலறையையும் பொதுக் கழிவறையையும் பயன்படுத்தியவர்களுக்கு ‘ஒரு மீட்டர் இடைவெளி’ என்ற அறிவுரை எட்டாத ஒன்று.

2020 டிசம்பரில் வெளியான அதிகாரபூர்வக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 323,000 ஊழியர்களில் 54,505 பேருக்குத் தொற்று பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. மேலும் 98,289 பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இரண்டையும் கூட்டினால் 47 விழுக்காடு. அந்த ஆண்டின் இறுதியில் நாட்டின் மொத்தத் தொற்று எண்ணிக்கையே 58,000ஐச் சற்றுத் தாண்டியிருந்தது என்றால், சுமை எங்கே விழுந்தது என்பது புரியும். அல்ஹம்துலில்லாஹ், ஊழியர்களில் பெரும்பாலோர் இளவயதினர். சிகிச்சையும் உரிய நேரத்தில் கிடைத்தது. அதனால் அவர்களிடையே உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

மொழியும் நம்பிக்கையும்

நோயைக் கட்டுப்படுத்த மருத்துவர்கள் விடுதிகளுக்குள் சென்றபோது முதலில் எதிர்ப்பட்ட தடை மொழி. ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்?’, ‘மூச்சு வாங்குகிறதா?’ என்ற எளிய கேள்விகளுக்கே தமிழும் வங்காளமும் தேவைப்பட்டன. மனிதவள அமைச்சு ஊழியர்களின் தாய்மொழிகளில் செய்திகளை அனுப்பியது. தொண்டூழியர்கள் மருத்துவச் சொற்களை மொழிபெயர்த்தார்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர்களாக நின்றார்கள். ஹெல்த்சர்வ், டிடபிள்யுசி2, வெளிநாட்டு ஊழியர் நிலையம் போன்ற அமைப்புகள் உணவு, தொலைபேசி அட்டை, மனநல ஆலோசனை எனப் பல வகையில் உதவின.

சொல்லைப் பெயர்த்தால் மட்டும் போதவில்லை. பரிசோதனையில் தொற்று உறுதியானால் வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, கடனை எப்படி அடைப்பது என்ற பயம் ஊழியர்களிடம் இருந்தது. அந்தப் பயம் இருக்கும்வரை காய்ச்சலை மறைப்பார்கள். ஆகவே சம்பளம் பற்றியும் சிகிச்சைச் செலவு பற்றியும் தெளிவாகச் சொல்வதும் மருத்துவப் பணியின் ஒரு பகுதியாயிற்று. அதைத் தெரிந்த முகம், தெரிந்த மொழியில் சொன்னபோதுதான் எடுபட்டது.

மூடிய பள்ளிவாசல்கள், நடந்த நோன்பு

ஸ்ரீ பெட்டாலிங் ஒன்றுகூடலுக்குப் பிறகு, 2020 மார்ச் 13 முதல் சிங்கப்பூரின் 70 பள்ளிவாசல்களும் மூடப்பட்டன. ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமையை நம்மில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம். நோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுறுத்தலை ஆலிம்கள் நினைவூட்டியதால், வேதனையிருந்தும் சமுதாயம் அதை ஏற்றுக்கொண்டது.

ஏப்ரல் 24ஆம் நாள் ரமலான் பிறந்தது. மற்ற ஆண்டுகளில் அங்குலியா பள்ளிவாசலிலும் அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலும் நம்மோடு வரிசையில் அமர்ந்து நோன்பு திறக்கும் சகோதரர்கள், அந்த ஆண்டு விடுதி அறையில் பொட்டலத்தைப் பிரித்து நோன்பு திறந்தார்கள். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஹலால் உணவு உரிய நேரத்தில் சேர வேண்டும் என்பது பெரிய ஏற்பாடாகவே இருந்தது. நேரம் தவறிய உணவு ஒரு நோன்பாளிக்கு எவ்வளவு பெரிய சோதனை என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் 26 முதல் ஜும்ஆ சிறு குழுக்களாகத் திரும்பியது. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் பழக்கமில்லாத முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகளே இடம் பிடித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அருகில் இல்லாத முதியவர்களின் நிலை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி

தடுப்பூசி வருவதற்கு முன்பே, 2020 டிசம்பரில், அதைப் போட்டுக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று முஃப்தி அலுவலகம் அறிவித்தது. இந்த முந்துதல் முக்கியமானது. ஐயம் பரவிய பிறகு பதில் சொல்வதைவிட, கேள்வி எழும்போதே பதில் கையில் இருப்பது நல்லது. மறு ஆண்டு ரமலானில், ஊசி போடுவதால் நோன்பு முறியாது என்ற விளக்கமும் கிடைத்தது. 2021 ஜனவரி 27 முதல் அங் மோ கியோவிலும் தஞ்சோங் பகாரிலும் முதியவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. தொண்டூழியர்கள் வீடு வீடாகச் சென்று விளக்கினார்கள்.

மீதமிருக்கும் கணக்கு

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. நாம் 2020 ஜூனில் வெளியே வரத் தொடங்கினோம். விடுதி ஊழியர்களோ 2021 செப்டம்பரில்தான், அதுவும் வாரத்துக்கு 500 பேர் என்ற முன்னோட்டத் திட்டத்தில், லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் சில மணி நேரம் வந்து போனார்கள். அதே மாதத்தில், புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் ஊழியர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை நோய் விட்டுச் சென்ற நன்மைகள். நோய்க்கு முன்பே வந்திருந்தால் இன்னும் நன்று.

இந்த மாற்றங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தவை. நம் கையில் இருப்பவையும் உண்டு. ஊரிலிருந்து வந்தவருக்குத் தங்க இடமும் வேலையும் தேடிக் கொடுக்கவே நம் முன்னோர் சங்கங்களை அமைத்தார்கள். 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், ஐந்தே ஆண்டுகளில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியை நிறுவியது அந்த உணர்வின் அடையாளம். விடுதியில் இருக்கும் சகோதரர் நம் மொழியைப் பேசுகிறார், அல்லது நம் கிப்லாவை நோக்கித் தொழுகிறார்; பலர் இரண்டும் செய்கிறார்கள். அவரை ரமலானில் மட்டும் நினைப்பது போதாது.

அடுத்த நோய் வரும் நாளில் அறிமுகம் தேடிக்கொண்டிருக்க முடியாது. தனியே வாழும் முதியவர்களின் தொலைபேசி எண்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கட்டும். மருத்துவமனைக் கடிதத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லத் தெரிந்த இளையர்களின் பட்டியல் இருக்கட்டும். நம் நிகழ்ச்சிகளின் முன்வரிசையில் ஊழியர் சகோதரர்களுக்கும் இடம் இருக்கட்டும். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். நூறாம் ஆண்டு மலருக்கு அது பயன்படும்.

வல்ல இறைவன் நம் அனைவரையும் நோயிலிருந்து காத்து, ஒருவருக்கொருவர் உதவும் மனத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.