விளையாட்டுத் துறையில் சுலபமான வேலை எது? பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி அஸருக்குப் பிறகு நடக்கப் போனால், பேட்டும் கையுமாகப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. "விளையாட்டு சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளோ, விளையாட்டில் அதிகம் சிரமப்படாமல் லட்சக்கணக்கில் வாங்கலாம் என்று கைபேசியில் பார்த்ததைச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுலபம் என்று பார்த்தால், களத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வீரரின் வேலைதான் முதலிடம். 2021இல் பிசிசிஐ அறிவித்த ஊதியப்படி, 40 போட்டிகளுக்கு மேல் ஆடிய ரஞ்சி வீரருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய். புதியவருக்கு 40,000. அணியில் இருந்தும் ஆடாதவருக்கு இதில் பாதி. ஐபிஎல் ஏலத்தில் 2025 பருவத்துக்கான குறைந்தபட்ச அடிப்படை விலை 30 லட்சம். பருவம் முழுவதும் ஒரு பந்துகூட வீசாதவருக்கும் ஒப்பந்தத் தொகை உண்டு. ஆனால் பத்து அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அதில் 8 பேர் வரை வெளிநாட்டவர். வெளிநாட்டவர் இடங்கள் நிரம்பினால் நாடு முழுவதற்கும் மிஞ்சும் இடம் 170தான். அந்த பெஞ்சில் உட்காருவதற்கே பத்து வயதிலிருந்து ஓட வேண்டும். ஆகவே இதை வேலைவாய்ப்பு என்று எந்தக் குடும்பத்துக்கும் நாம் சொல்ல மாட்டோம்.

அடுத்தது நடுவர் வேலை. 2022இல் பிசிசிஐ நடுவர்களுக்கு 'ஏ பிளஸ்' என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தது. அப்போது வெளியான விவரப்படி, முதல்தரப் போட்டிகளில் ஏ பிளஸ், ஏ பிரிவினருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய், பி, சி பிரிவினருக்கு 30,000 ரூபாய். நான்கு நாள் ரஞ்சி ஆட்டம் ஒன்றுக்கு 1.2 லட்சம் முதல் 1.6 லட்சம் வரை வருகிறது. வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வேலைதான். ஆனாலும் இளம் வீரரின் ஊதியத்துக்குச் சமம், முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற வேண்டியதும் இல்லை. மறுபக்கம், இது மாதச் சம்பளம் அல்ல. ஆட்டம் ஒதுக்கினால்தான் பணம். பருவம் முடிந்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

நுழைவது சுலபமா? அதே 2022இல் மகளிர், ஜூனியர் போட்டிகளுக்கான நடுவர்களைத் தேர்ந்தெடுக்க பிசிசிஐ அகமதாபாத்தில் தேர்வு நடத்தியது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 35, காணொளிக்கு 35, உடற்தகுதிக்கு 30 என மொத்தம் 200 மதிப்பெண். தேர்ச்சிக்கு 90 போதும். எழுதிய 140 பேரில் தேறியவர்கள் மூவர். மரத்தின் நிழலோ ஃபீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது என்று பேட்ஸ்மேன் புகார் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகள் வந்தன. மரத்தின் நிழலைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. ஃபீல்டர் அசையாமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் அது டெட் பால். விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவருக்கும் இந்த இடத்தில் நாக்கு தடுமாறும்.

வழி இதுதான்: ஆவடிப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் வருவதால், மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் விசாரித்து உள்ளூர் லீக் ஆட்டங்களில் நிற்கத் தொடங்க வேண்டும். பிறகு தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தேர்வு, அதன்பின் பிசிசிஐ தேர்வுகள். எம்சிசியின் 42 விதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் வருவது போக்குவரத்துச் செலவுக்குச் சரியாகும் தொகைதான். எனவே பல ஆண்டுகளுக்கு வேறொரு வேலை கையில் இருந்தாக வேண்டும். சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன் மென்பொருள் வேலையில் இருந்தபடியே நடுவர் தேர்வுகளை எழுதி, பின்னர் வேலையை விட்டவர். 2023இல் ரஞ்சி ஆட்டங்களுக்கு நியமிக்கப்பட்ட முதல் மூன்று பெண் நடுவர்களில் அவரும் ஒருவர். சென்னையின் வெங்கட்ராகவன் வீரராக 57 டெஸ்ட், நடுவராக 73 டெஸ்ட் என்று நிற்கும்போது அதிகம் சாதித்தவர். பாகிஸ்தானின் அலீம் தார் 2009 முதல் 2011 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐசிசியின் சிறந்த நடுவர் விருதை வாங்கினார்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்ல விரும்புவது நடுவர் வேலையைக்கூட அல்ல, அணியின் பின்னால் நிற்பவர்களின் வேலையை. சென்னை இதில் பெயர் பெற்ற ஊர். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி சீனிவாசன் சென்னைக்காரர். 2019 உலகக் கோப்பை வரை அந்தப் பொறுப்பில் இருந்த சங்கர் பாசுவும் அப்படியே. தென்னாப்பிரிக்க அணிக்குப் பல ஆண்டுகள் ஆட்டப் பகுப்பாய்வாளராக இருந்த பிரசன்னா அகோரமும் நம்மூர்தான். அணிக்குள் இவர்கள் போனது படிப்பையும் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தையும் வைத்து.

இந்தப் படிப்புக்கு டெல்லிக்கோ லண்டனுக்கோ போக வேண்டாம். பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி வழியாகப் போரூர் போனால் ஸ்ரீ ராமச்சந்திரா வளாகம். அங்குள்ள விளையாட்டு அறிவியல் மையம், பந்துவீசும்போது முழங்கை விதியை மீறி வளைந்து நிமிர்கிறதா என்று அளக்க ஐசிசி அங்கீகரித்த இடம். பாகிஸ்தானின் சயீத் அஜ்மலும் முஹம்மது ஹஃபீஸும் 2015இல் சோதனைக்கு வந்தது இங்கேதான். உலக வீரர்கள் விமானம் ஏறி வந்த இடம் நமக்குப் பேருந்துத் தொலைவு. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920இல் தொடங்கியது. விளையாட்டுப் பயிற்சியாளராக விரும்பும் பட்டதாரிகளுக்குப் பட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் டிப்ளமோ தருகிறது.

இவற்றில் பிசியோதெரபியை முன்னே வைக்கிறோம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களுக்கான படிப்பு இது, இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை முதல் ஐந்து ஆண்டுகள். அணியில் இடம் கிடைக்காமல் போனாலும் மருத்துவமனை, சொந்த கிளினிக் என்று பிழைப்பு நிற்காது. நம் பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். 2023இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு மகளிர் அணிகளுக்குப் பெண் பிசியோக்களின் தேவை கூடியிருக்கிறது. பர்தாவோடும் செய்யக்கூடிய பணி.

இனி ஹலால், ஹராம். அணியில் சேருகிற ஊழியரும் ஸ்பான்ஸர் சின்னம் பதித்த சட்டையைத்தான் போட வேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா, அணிக்கு ஸ்பான்ஸராக இருந்த பீர் நிறுவனத்தின் சின்னத்தை அணிய மறுத்தார், வாரியமும் ஏற்றுக்கொண்டது. அவர் அளவுக்குப் பெயர் இல்லாத ஒருவர் இதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ஜும்ஆவும் அப்படித்தான். முதல்தர ஆட்டத்தின் உணவு இடைவேளை பெரும்பாலும் 40 நிமிடம், அதுவும் தொழுகை நேரத்தோடு பொருந்துவதில்லை. பயணிக்கான சலுகை எப்போது பொருந்தும் என்பதை ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

சூதாட்டம் இதைவிடப் பெரிய கண்ணி. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இந்தியா சட்டம் போட்டுத் தடை செய்தது. இந்திய அணியின் சட்டையில் பெயர் இருந்த ட்ரீம் 11 உடனே விலகியது. ஆனாலும் ஆட்டத்தைப் பார்த்து பந்துக்குப் பந்து தகவல் அனுப்பினால் நல்ல பணம் என்று வாட்ஸ்அப்பில் வலம் வரும் 'வேலைகள்' நிற்கவில்லை. 2022 ஜூலையில் குஜராத்தின் மோலிப்பூர் கிராமத்தில் போலீஸ் பிடித்த சம்பவத்தை நினைவில் வையுங்கள். விவசாயக் கூலிகளுக்கு ஆட்டத்துக்கு 400 ரூபாய் கொடுத்து ஐபிஎல் சட்டைகளை மாட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் உத்தரவு வாங்கிய நடுவர்களை நிறுத்தி, ரஷ்யாவில் இருந்தவர்களிடம் பந்தயப் பணம் கறந்தார்கள் என்பது போலீஸ் சொன்னது. மட்டையைப் பிடித்த அந்தக் கூலிகளுக்கு 400 ரூபாய் நிச்சயம் சுலபமான வேலையாகத்தான் தெரிந்திருக்கும்.

நடுவர் பேனலில் சேர்த்துவிடுகிறோம், லீக் அணியில் பிசியோவாக வைக்கிறோம் என்று முன்பணம் கேட்பவர்கள் வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் மாவட்டச் சங்க அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் சங்கத்துக்கு ரசீதோடு கட்டுவது, எந்தத் தனிநபரின் கணக்குக்கும் அனுப்புவது அல்ல.