விடுதிப் பந்தியும் விளைநிலமும்: அமெரிக்கக் கல்லூரிகளின் உணவுச் சங்கங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் இயங்கும் மாணவர் உணவுச் சங்கங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. உண்ணும்போது உணவில் கவனம் வைக்கப் பழக்குவது ஒன்று. தட்டில் விழும் உணவு, மண்ணையும் உழைப்பவரையும் கெடுக்காமல் விளைந்து வந்ததா என்று கேட்பது மற்றொன்று. முதல் வேலை உடலைப் பற்றியது; அதன் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. இரண்டாவது நிலத்தைப் பற்றியது. அது 1960களில்தான் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. தனித்தனியே தொடங்கிய இந்த இரண்டும் சேர்ந்ததே இச்சங்கங்களின் வரலாறு.

விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய மாணவர் குரல் முதலில் குறையாகவே எழுந்தது. 1766இல் ஹார்வர்டு கல்லூரிப் பந்தியில் கெட்டுப்போன வெண்ணெய் பரிமாறப்பட்டபோது ஆசா டன்பார் என்ற மாணவர் எழுந்து எதிர்த்தார். நிர்வாகம் அதை அடங்காமை என்று கருதித் தண்டித்தது. மற்ற மாணவர்கள் டன்பாரின் பக்கம் நின்றனர். ‘வெண்ணெய்க் கலகம்’ என்று பெயர் பெற்ற இச்சம்பவம் அந்நாட்டின் மிகப் பழைய மாணவர் போராட்டங்களுள் ஒன்று. 

எதை உண்ண வேண்டும் என்ற கேள்வி ஒரு கல்லூரியின் கொள்கையாகவே ஆனது ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லினில். 1833இல் தோன்றிய அந்த ஊரும் கல்லூரியும் சமயச் சீர்திருத்த நோக்கம் கொண்டவை. எளிய, நலம் தரும் உணவையே உண்பது, தேநீரையும் காபியையும் புகையிலையையும் இயன்றவரை தவிர்ப்பது என்று குடியேறியவர்கள் உறுதி எடுத்தனர். மாணவர்கள் படிப்போடு உடலுழைப்பும் செய்தனர். இந்தச் சூழலில் சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பிரெஸ்பிடேரியன் போதகரின் கருத்துகள் எளிதில் வேரூன்றின. இறைச்சியும் மசாலாவும் மதுவும் உணர்ச்சிகளைக் கிளறிவிடும், தவிடு நீக்காத கோதுமை மாவில் வீட்டில் சுட்ட ரொட்டியே உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் ஏற்றது என்பது அவருடைய போதனை. 1837இல் ரொட்டி செய்வதைப் பற்றியே அவர் ஒரு நூல் வெளியிட்டார். கடைகளில் இன்றும் விற்கும் கிரஹாம் பிஸ்கட் அவர் பெயரைத் தாங்கியது.

கிரஹாமின் கொள்கைகளைப் பரப்பிய இதழின் ஆசிரியர் டேவிட் கேம்பெல் 1840இல் ஓபர்லின் விடுதியின் உணவுப் பொறுப்பை ஏற்றார். அதுவரை விரும்பியவருக்குத் தனி மேசையில் கிடைத்துவந்த இறைச்சி நின்றது; சுவையூட்டும் பொருள்களும் விலக்கப்பட்டன. மிளகுத்தூளைப் பந்திக்குக் கொண்டுவந்ததால் ஒரு பேராசிரியர் வேலை இழந்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1841 மார்ச்சில் எதிர்ப்புக் கூட்டம் கூடியது. இந்த உணவு உடலுக்குப் போதவில்லை என்று கூட்டத்தை அழைத்தவர்கள் சொன்னார்கள். கேம்பெல் பதவி விலகினார். இறைச்சி திரும்பி வந்தது. மேலிருந்து விதித்த பத்தியம் நீடிக்காது என்பதற்கு ஓபர்லின் ஓர் எடுத்துக்காட்டானது.

அடுத்த முயற்சி ஆய்வுக்கூடத்தின் வழியாக வந்தது. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்ற தமிழ்ப் பழமொழியின் கருத்தையே ஹொரேஸ் பிளெட்சர் என்ற அமெரிக்கர் ஒரு வாழ்க்கை முறையாக்கினார். உணவு வாயிலேயே கூழாகித் தானே இறங்கும் வரை மெல்ல வேண்டும், பசித்தால் மட்டுமே உண்ண வேண்டும் என்று அவர் சொன்னார். யேல் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் ரஸ்ஸல் சிட்டெண்டன் 1903இல் அவரைச் சோதித்தார். பின்னர் பேராசிரியர்கள், படைவீரர்கள், மாணவ விளையாட்டு வீரர்கள் ஆகியோரிடம் நீண்ட ஆய்வு நடத்தினார். நாளுக்கு 118 கிராம் புரதம் தேவை என்பது அன்றைய கணக்கு; ஏறத்தாழ அதில் பாதியிலேயே அவர்கள் வலுவுடன் இருந்ததாக 1904இல் எழுதினார். 1906இல் அதே பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர், பெரும்பாலும் மாணவர்களே இருந்த ஒரு சிறு குழுவை நன்றாக மென்று, நாவின் விருப்பத்தைக் கவனித்து உண்ணச் செய்தார். எவரும் தடுக்காமலே அவர்கள் உண்ட இறைச்சி குறைந்தது, தாங்குதிறன் கூடியது என்று அவர் அறிவித்தார். கவனத்துடன் உண்ணலை மாணவர் குழு ஒன்று பயின்றதற்கு இது முன்னோடி. ஆனால் உணவு எங்கிருந்து வந்தது என்று இந்த ஆய்வுகள் கேட்கவில்லை.

சமையற்கட்டை மாணவர் கைக்கு மாற்றியது பொருளாதாரப் பெருமந்தம். 1933இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர் கூட்டுறவு விடுதிகள் தொடங்கின. உறுப்பினர்கள் முறைவைத்துச் சமைத்தும் பாத்திரம் கழுவியும் செலவைக் குறைத்தனர். பத்தியத்தை மறுத்த ஓபர்லினிலும் 1950இல் கூட்டுறவு உணவுக்கூடம் வந்தது. வாங்குவது எதை, சமைப்பது எதை என்பதை அங்கே உண்பவர்களே கூடி முடிவு செய்தனர். நோக்கம் சிக்கனம்தான், ஆனால் எந்தக் கடைக்காரரிடம், எந்தப் பண்ணையிடம் வாங்குவது என்ற கேள்வி அதனோடு மாணவர்களிடம் வந்து சேர்ந்தது.

அக்கேள்விக்கு நிலத்திலிருந்து விடை தேடிய இடம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம். 1967இல் அங்கே வந்த ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் ஆலன் சாட்விக், சரிவான தரிசு நிலத்தில் மாணவர்களுடன் தோட்டம் போட்டார். எந்திரமும் வேதி உரமும் இல்லை. மண்வெட்டியின் இரட்டை ஆழத்துக்குக் கொத்திய பாத்திகளும் மக்கு உரமுமே அவருடைய கருவிகள். 1970களில் அது பண்ணையாக வளர்ந்து, பிறகு வேளாண் சூழலியலுக்கான கல்வி மையமானது. அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1977இல் மாணவர் முன்முயற்சியில் இன்னொரு பண்ணை உருவானது. இதற்கிடையே 1971இல் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிய ‘சிறிய கோளுக்கான உணவு’ என்ற நூல், மாட்டிறைச்சிக்காகக் கால்நடைகள் தின்று தீர்க்கும் தானியத்தைக் கணக்கிட்டுக் காட்டியது. ஒரு பவுண்டு மாட்டிறைச்சிக்கு 16 பவுண்டு தானியமும் சோயாவும் ஆகின்றன என்பது அவர் தந்த கணக்கு. இறைச்சியைக் குறைப்பது கிரஹாமுக்கு ஒழுக்கம், ஃபிஷருக்கு உடல்வலிமை. லாப்பேவுக்குப் பிறகு அது உலகப் பசியோடும் நிலத்தோடும் பிணைந்தது. உடலும் நிலமும் சந்தித்த இடம் இதுவே.

1980களில் ஆர்கன்சாவின் ஹெண்ட்ரிக்ஸ் கல்லூரி மாணவர்கள் தங்கள் உணவுக்கூடத்துக்கு வரும் பொருள்களின் தடத்தைப் பின்தொடர்ந்தனர். வேளாண் மாநிலத்தில் இருந்தும் பெரும்பகுதி உணவு வெளியிலிருந்தே வந்ததைக் கண்டனர். உள்ளூர்க் கொள்முதல் அதன்பின் கூடியது. 1986இல் ஊட்டச்சத்து அறிஞர்கள் ஜோன் கஸ்ஸோவும் கேட் கிளான்சியும், உணவுப் பரிந்துரைகள் உடல்நலத்தோடு இயற்கை வளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டனர். யேலில் 2001இல் மாணவர்களும் சமையற்கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸும் பல்கலைக்கழகத் தலைமையும் சேர்ந்து நிலைத்தகு உணவுத் திட்டத்தைத் தொடங்கினர். ஒரு ஏக்கர் பண்ணை உருவானது. ஓர் உணவுக்கூடத்தில் அந்தந்தப் பருவத்து உள்ளூர் விளைச்சல் பரிமாறப்பட்டது. ருசி பிடித்துப்போய், அங்கே நுழைய மற்ற விடுதி மாணவர்கள் போலி அடையாள அட்டை தயாரித்ததாகச் செய்திகள் வந்தன.

விளைவிப்பவரின் கூலியும் விரைவில் விவாதமானது. ஃபுளோரிடாவின் இம்மொகாலி தக்காளித் தொழிலாளர்கள் 2001இல் டாகோ பெல் துரித உணவு நிறுவனத்தைப் புறக்கணிக்க அழைத்தபோது, மாணவர்கள் பல வளாகங்களில் அதன் கடைகளை எதிர்த்தனர். 2005இல் தாய் நிறுவனம் ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டது. 2008இல் பரவத் தொடங்கிய ‘ரியல் ஃபுட் சேலஞ்ச்’ என்ற மாணவர் இயக்கம் இந்தக் கேள்விகளை ஓர் அளவுகோலாக்கியது. உள்ளூர், நியாயமான கூலி, சூழல் காப்பு, விலங்குகள் மீது பரிவு என்ற நான்கு அடிப்படைகளில் மாணவர்கள் கொள்முதல் ரசீதுகளைப் பிரித்தனர். 2020க்குள் உணவுச் செலவில் 20 விழுக்காடு இத்தகைய உணவுக்குப் போக வேண்டும் என்பது இலக்காக இருந்தது.

மிச்சமும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. டிரே இல்லாமல் பரிமாறினால் ஒருவர் வீணாக்கும் உணவு 25 முதல் 30 விழுக்காடு குறைவதாக அராமார்க் என்ற உணவுச் சேவை நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. பல கல்லூரிகள் டிரேயைக் கைவிட்டன. மீந்த உணவை நல்லெண்ணத்துடன் தானமாக வழங்குவோருக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் பொறுப்பிலிருந்து பாதுகாப்புத் தந்திருந்தது. 2011இல் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்கள் ‘ஃபுட் ரிகவரி நெட்வொர்க்’ தொடங்கி, மீந்த உணவைத் தேவைப்படுவோரிடம் சேர்த்தனர்.

மெதுவாக மெல்லும் பழைய பயிற்சியும் புதிய வடிவில் திரும்பியது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-சின் 1979இல் தொடங்கிய மனக்கவன வகுப்பில், ஒற்றை உலர்திராட்சையை உற்றுப் பார்த்து, முகர்ந்து, பொறுமையாக மெல்வது பயிற்சிகளுள் ஒன்று. அது கல்லூரிகளுக்கும் பரவியது. பிளெட்சரின் முறை வாயோடு நின்றது. இன்றைய சங்கக் கூட்டத்தில் அதே திராட்சை எந்தத் தோட்டத்தில் விளைந்தது, பறித்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்ற கேள்விகளும் உடன் வருகின்றன. அவற்றைக் கேட்பவர்களும், விடைக்கேற்ப உணவுப் பட்டியலை மாற்றக் கோருபவர்களும் பந்தியில் உட்காரும் மாணவர்களே.