சுடாத ரைஃபிளா, தேய்ந்த ரைஃபிளா... எதுக்கு விலை அதிகம்? பழைய வேட்டைத் துப்பாக்கி சந்தையில் நடப்பது என்ன?

ஜிம் கார்பெட்டைத் தெரியும்தானே? 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண் புலியை 1907ல் சுட்டு வீழ்த்தியவர். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக இருந்த ஜான் ஹெவெட் அவருக்கு ஒரு ரைஃபிளைப் பரிசாகக் கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரகம். 1926ல் ருத்ரபிரயாகை சிறுத்தையைச் சுட்டதும் இதே துப்பாக்கிதான். வருஷக்கணக்கில் காடு மேடெல்லாம் சுற்றி வந்த அந்த ரைஃபிள், பின்னாளில் அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் இருந்தது. அங்கிருந்து ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

தான் விற்ற பழைய பொருளை ஒரு கம்பெனியே தேடிப்போய் வாங்குகிறது. வேட்டை ரைஃபிள் சேகரிப்பவர்களின் கணக்கு அப்படி. வெறும் இரும்பும் மரமும் பார்த்து விலை போடுவதில்லை. இந்தக் கணக்கு இன்று பெரிய அளவில் நடக்கும் இடம் அமெரிக்கா. அங்கே பல ஆயிரம் டாலர் கொடுத்து ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். எப்படி?

1964க்கு முன்னாடியா, பின்னாடியா?

அமெரிக்க சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் வேட்டை ரைஃபிள்களில் ஒன்று வின்செஸ்டர் மாடல் 70. 1930களின் நடுவில் வந்தது. இதில் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான ஒரு கொக்கி இருக்கும். தோட்டா மேகஸினை விட்டு மேலே வந்ததுமே கொக்கி அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கியைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் தோட்டா நழுவாது. எதிரே கரடி நிற்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

1964ல் செலவைக் குறைக்க கம்பெனி டிசைனை மாற்றியது. அந்தக் கொக்கி போனது. கட்டையில் கையால் செதுக்கிய கட்டம் கட்டமான பிடிமான வேலைப்பாடும் போனது. அதற்குப் பதில் மெஷினில் அழுத்திய டிசைன் வந்தது. வேட்டைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அன்று முதல் பழைய மாடலுக்கு மவுசு ஏறியதுதான், இன்னும் இறங்கவில்லை. 1992ல் கம்பெனியே பழைய கொக்கி முறையைத் திரும்பக் கொண்டு வந்த பிறகும் சேகரிப்பாளர்கள் மனசு மாறவில்லை.

கண்டுபிடிப்பது ஈஸி. புது டிசைனுக்கு சீரியல் நம்பர் 7 லட்சத்தில் தொடங்கியது. அதற்குக் கீழே இருந்தால் பழசு.

ஆனால் எல்லாப் பழசுக்கும் ஒரே விலை கிடையாது. .30-06, .270 ரகங்கள் ஏராளமாக விற்றவை. .300 சாவேஜ், .35 ரெமிங்டன் ரகங்கள் கொஞ்சம்தான் வந்தன. அதனால் விலை எங்கேயோ போகும். பிரச்னையும் இங்கேதான். சாதாரண துப்பாக்கியில் பேரலை மட்டும் மாற்றி, அபூர்வ ரகம் என்று விற்பவர்கள் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர் முதலில் கட்டையைக் கழற்றச் சொல்வார். பேரலின் அடியில் தயாரித்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். சீரியல் நம்பர் காட்டும் வருஷத்தோடு அது ஒத்துப்போகணும். போல்ட்டின் அடியில் பொறித்த நம்பரும், துப்பாக்கியின் சீரியல் நம்பரும் ஒன்றாக இருக்கணும்.

‘சுடவே இல்லை’ என்றால் என்ன அர்த்தம்?

கொஞ்சம் வேடிக்கையான வார்த்தை இது. எந்த ரைஃபிளும் ஃபேக்டரியில் டெஸ்ட்டுக்காகச் சுடப்படாமல் வெளியே வராது. ஆக, ‘சுடாதது’ என்றால் ஃபேக்டரியை விட்டு வந்த பிறகு யாரும் சுடவில்லை என்பதுதான் அர்த்தம். பெட்டி, கையேடு, தொங்கும் அட்டை எல்லாம் சேர்ந்து இருந்தால் விலை இன்னும் கூடும். பெட்டியின் ஓரத்து லேபிளில் உள்ள நம்பரும் துப்பாக்கி நம்பரும் பொருந்துகிறதா என்று பார்ப்பது முக்கியம். ஏனென்றால் பழைய மாதிரியிலேயே புதிதாக அச்சடித்த பெட்டிகளும் சந்தையில் சுற்றுகின்றன.

இதில் ஒரு சிக்கல். அறுபது வருஷம் சுடாத துப்பாக்கியை வாங்கி ஆசைக்கு ஒரு பெட்டி தோட்டா சுட்டால், அது ‘சுடாதது’ என்ற பெயரை இழந்துவிடும். அந்தப் பெயருக்காகக் கொடுத்த கூடுதல் பணமும் அன்றே போச்சு. இவ்வளவு கொடுத்து வாங்கி பீரோவில் பூட்டுவதா என்று கேட்டால், ஆமாம், அதேதான். சுட ஆசைப்படுபவர் இந்த வகையை வாங்காமல் இருப்பதே நல்லது.

புதுசு போல இருப்பதெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1960களின் பிற்பகுதியில் பிரவுனிங் கம்பெனி துப்பாக்கிகளுக்கு வந்த வால்நட் மரத்தில் ஒரு பகுதி, சீக்கிரம் காயட்டும் என்று உப்பில் பதப்படுத்தப்பட்டது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து, மரம் தொடும் இடத்திலெல்லாம் இரும்பைத் துருப்பிடிக்க வைத்தது. வெளியே பளபள, உள்ளே அரிப்பு. அந்தக் காலத்து பிரவுனிங் என்றால் கட்டையின் பின்பக்கத் தகட்டில் உள்ள ஸ்க்ரூவை ஒன்று கழற்றிப் பார்ப்பார்கள். அதில் துரு இருந்தால் பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்தது.

தேய்ந்ததில் எது நல்ல தேய்வு?

ரைஃபிளை ஒரு கையில் தூக்கி நடக்கும்போது, எடை சமமாகும் நடுப்பகுதியில்தான் கை பிடிக்கும். பல வருஷம் பிடித்த இடத்தில் கருநீலப் பூச்சு போய் வெள்ளி நிறம் தெரியும். கட்டையில் சின்னச் சின்ன கீறல்கள் இருக்கும். இதை ‘நேர்மையான தேய்வு’ என்கிறார்கள். சேகரிப்பாளர் இதை மன்னிப்பார், சிலர் விரும்பவும் செய்வார்கள்.

மன்னிக்காத விஷயம், அதை மறைப்பது. புதிதாகப் பூச்சு போடுவதற்கு முன் இரும்பைத் தேய்ப்பார்கள். அப்போது பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கும், ஸ்க்ரூ துளைகளின் விளிம்பு குழியும். பூச்சுக்கு அடியில் பழைய துருவின் புள்ளிகளும் தெரியும். பளபளப்பாக்கினால் விலை ஏறும் என்று தாத்தா துப்பாக்கியைப் பாலிஷ் போட்டவர்கள், உண்மையில் விலையைக் குறைத்துக்கொண்டவர்கள்தான். ஸ்கோப் மாட்டக் கூடுதலாகப் போட்ட துளை, ரப்பர் பேட் வைக்க வெட்டிய கட்டை, இவையும் அதே கதை. ஆனால் காட்டுக்கு எடுத்துப்போக நினைப்பவருக்கு இதுதான் லாபம். சேகரிப்பாளர் ஒதுக்கிய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும், சுடுவதில் குறை இருக்காது. பேரல் முனை, உள்ளே இருக்கும் சுழல் வரிகள், இரண்டும் நன்றாக இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ராணுவத் துப்பாக்கியை வேட்டைக்கு மாற்றியது கிடைத்தால் உஷார். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையின் 1903 மாடலில், 8 லட்சத்துக்குக் கீழே நம்பர் உள்ளவற்றின் இரும்பு சரியான சூட்டில் பதப்படுத்தப்படாதவை. சில சுடும்போதே உடைந்திருக்கின்றன. சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது. பொதுவாகவே எந்தப் பழைய ரைஃபிளையும் துப்பாக்கி மெக்கானிக் சோதிக்காமல் முதல் தோட்டா போடக்கூடாது.

நம்ம ஊர்ல இதெல்லாம் வாங்கலாமா?

அமெரிக்காவிலேயே வேறு மாநிலத்துக்காரரிடம் வாங்கினால், லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் கைக்கு வரணும். 50 வருஷத்துக்கு மேற்பட்டவற்றைச் சேகரிக்கத் தனி லைசென்ஸ் உண்டு.

இந்தியாவில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கே இடமில்லை. 2019 திருத்தப்படி ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், முன்பு இது 3. பரம்பரையாக வந்ததற்கும் இதே கணக்கு. ரிப்பேர் பண்ணினாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு மட்டும் ஆயுதச் சட்டத்தின் 45வது பிரிவில் விலக்கு உண்டு. ‘பழசுதானே’ என்று நாமே முடிவு செய்துகொள்ள முடியாது.

தாத்தாவின் ரைஃபிள் வீட்டில் இருக்கிறதா? லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கணும். அதுவரை துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ இருக்கணும். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 விதிகளில் வழி இருக்கிறது. லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு விற்பதானால், மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழித்துத்தான் கைமாற்றலாம்.