காலேஜ் போறதுக்கு முன்னாடி இலக்கு வைப்பது எப்படி? வழிகாட்டல் எங்கே கிடைக்கும்? பிளஸ் 2 முடித்தவர்களுக்கு முழு விவரம்!

பிளஸ் 2 ரிசல்ட் வந்தாச்சு. அப்ளிகேஷன் போட்டாச்சு. சீட்டும் கிடைச்சாச்சு. காலேஜ் திறக்கும் வரை என்ன செய்வது? "கொஞ்ச நாள் ஜாலியா இருக்கட்டும், போனதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில்.

ஓய்வு தேவைதான். ஆனால் பள்ளியில் தினமும் டெஸ்ட் வைத்து, லீவு போட்டால் வீட்டுக்கு போன் செய்து விரட்டிய ஆசிரியர்கள் கல்லூரியில் இருக்க மாட்டார்கள். என்ன படிக்கணும், எப்போ படிக்கணும், புரியலைன்னா யாரிடம் கேட்கணும் என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு இது இன்னும் கடினம். ஏனென்றால், கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு விஷயங்கள் உதவும். ஒன்று, தெளிவான இலக்கு. மற்றொன்று, அதைப் பற்றி விடாமல் விசாரிக்கும் ஒரு வழிகாட்டி.

'கோச்சிங்' என்றால் நீட் கோச்சிங்கா?

இல்லை. நம்ம ஊரில் கோச்சிங் என்றதும் நுழைவுத் தேர்வுக்குப் பாடம் நடத்தும் சென்டர்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது வேறு. இந்த வழிகாட்டி பாடம் நடத்த மாட்டார். "இந்த வாரம் என்ன செய்யப் போற? போன வாரம் சொன்னது முடிஞ்சுதா? எங்கே தடுக்குது?" என்று கேட்பார். ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், தேர்வு பற்றிய குழப்பம் வந்தால் யாரைப் பார்க்கணும் என்று சொல்வார்.

'நல்லா படிக்கணும்' ஏன் இலக்கு ஆகாது?

"நல்லா படிக்கணும்" என்பது ஆசை. முடிந்ததா, இல்லையா என்று அளந்து பார்க்க அதில் எதுவும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968-ல் இலக்கு பற்றிய தனது கோட்பாட்டை வெளியிட்டார். பின்னர் கேரி லேதமுடன் சேர்ந்து அதை விரிவாக்கினார். "முடிந்ததைச் செய்" என்று சொல்வதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுத்தால் மனிதர்கள் நன்றாகச் செயல்படுகிறார்கள் என்பதே அதன் சாரம்.

"இங்கிலீஷ் கத்துக்கணும்" என்பதை இப்படி மாற்றிப் பாருங்க: "காலேஜ் திறப்பதற்குள், என் பாடத்தில் வரும் 150 ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதி வைப்பேன்." ஒரு நாளைக்கு 5 சொல் என்றால் 30 நாளில் வேலை முடிந்துவிடும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு மாறுபவர்களுக்கு முதல் மாதத்தில் பெரிய துணையாக இருப்பது இந்தப் பட்டியல்தான்.

முதல் செமஸ்டரிலேயே 9 சிஜிபிஏ வேண்டாமா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு வேலை முற்றிலும் புதிதாக, சிக்கலாக இருக்கும்போது, "இவ்வளவு மார்க் எடுப்பேன்" என்ற இலக்கைவிட "இந்த இந்த வழிகளைக் கற்றுக்கொள்வேன்" என்ற இலக்கே பலன் தரும் என்கிறார்கள் லாக்கும் லேதமும். முதல் செமஸ்டர் அப்படிப்பட்ட காலம்தான்.

அதனால் மார்க்கை மட்டும் குறி வைக்காமல், "முதல் மாதத்துக்குள் எல்லா பாடத்துக்கும் பழைய வினாத்தாள் சேர்த்துவிடுவேன்", "வாரம் ஒருமுறை லைப்ரரிக்குப் போவேன்", "புரியாததை அதே வாரத்தில் ஆசிரியரிடம் கேட்பேன்" என்று எழுதலாம். மார்க் தானாகப் பின்னால் வரும்.

எத்தனை இலக்கு வைக்கலாம்?

மூன்று போதும். அதற்கு மேல் போனால் எதுவும் நடக்காது.

1. படிப்பு: முதல் செமஸ்டரில் அரியர் வைக்காமல் தப்பிப்பது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு தேவை. நிலுவையில் அரியர் இருந்தால் சில நிறுவனங்களின் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே முடியாது.

2. திறன்: ஆங்கிலம், டைப்பிங், எக்ஸெல், கோடிங் என ஏதாவது ஒன்று. ஒன்றே ஒன்று.

3. பணம்: கட்டணம், பஸ், ஹாஸ்டல், புத்தகம் எனச் செலவைக் கணக்குப் போட்டு, எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்கணும் என்று குறித்து வைப்பது.

எழுதி வைத்தால் மட்டும் நடந்துவிடுமா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், இலக்கை நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போடச் சொல்கிறார். "தினமும் படிப்பேன்" என்பதற்குப் பதிலாக, "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் 5 சொல் எழுதுவேன்" என்று வைத்துக்கொள்வது. தட்டைக் கழுவும்போதே அடுத்த வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வழிகாட்டி இருந்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 13,000-க்கும் அதிகமானோரை வைத்து எரிக் பெட்டிங்கர், ரேச்சல் பேக்கர் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வழிகாட்டி கொடுக்கப்பட்டார். அவர் அடிக்கடி போன் செய்து, இலக்கு, நேரம், தடைகள் பற்றிப் பேசினார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டி இருந்தவர்களில் படிப்பைத் தொடர்ந்தவர்கள் சுமார் 5 சதவீதப் புள்ளிகள் அதிகம். வழிகாட்டல் நின்ற பிறகும் அந்த வித்தியாசம் நீடித்தது.

காசு கொடுக்காமல் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் இதற்கு வழிகள் இருக்கின்றன.

* நான் முதல்வன்: 2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட அரசுத் திட்டம். இதன் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளில் என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று சொல்லப்படுகிறது. பிளஸ் 2 முடித்தும் கல்லூரியில் சேராதவர்களுக்காக 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன.

* 14417: பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

* கல்லூரியின் அறிமுக வகுப்புகள்: பொறியியல் மாணவர்களுக்கு 3 வார அறிமுகப் பயிற்சியை ஏ.ஐ.சி.டி.இ வகுத்திருக்கிறது. கலை, அறிவியல் கல்லூரிகளில் பிரிட்ஜ் கோர்ஸ் நடப்பதுண்டு. "பாடம்தான் இன்னும் ஆரம்பிக்கலையே" என்று லீவு போட்டுவிடாதீங்க. யாரிடம் எதைக் கேட்கணும் என்பது தெரிவதே அந்த நாட்களில்தான்.

* மென்டர்: டியூட்டர், ஃபேகல்டி அட்வைசர், மென்டர் என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். முதல் வாரத்திலேயே அவர் பெயரையும் அறை எண்ணையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க.

* சீனியர்: உங்கள் பள்ளியில் படித்து, அதே துறையில் இரண்டாம் வருடம் இருக்கும் அக்கா, அண்ணன். பழைய ஆசிரியரிடம் கேட்டால் நம்பர் கிடைக்கும். 15 நாளுக்கு ஒரு முறை 10 நிமிடம் பேசினால் போதும்.

காசு கேட்கும் நிறுவனங்களிடம் என்ன கவனிக்கணும்?

"100 சதவீத வேலை உறுதி" என்று சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்க. வாரத்துக்கு எத்தனை முறை பேசுவீங்க, ஒரே ஆள்தான் பேசுவாரா, இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்க. கடன் வாங்கிக் கட்டச் சொன்னால் வேண்டாம்.

காலேஜ் திறப்பதற்குள் முடிக்க வேண்டியவை

* ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு இது அவசியம். கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.
* சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களின் நகல்கள்.
* முதல் செமஸ்டர் பாடத்திட்டம். பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசம்.
* 3 இலக்குகள் எழுதிய ஒரே ஒரு தாள்.
* அந்தத் தாளைக் காட்டுவதற்கு ஒரு ஆள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கல்லூரிக்குப் போகாத அப்பா, அம்மாவும் வழிகாட்டியாக இருக்க முடியும். "எவ்வளவு மார்க்?" என்று செமஸ்டர் முடிந்து கேட்பதைவிட, "இந்த வாரம் என்ன செய்யறதா சொன்ன, முடிஞ்சுதா?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு டிகிரி தேவையில்லை. திட்டாமல் பதிலைக் கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.