பெரியபட்டினக் கடற்கரையில் எஞ்சியிருப்பவை

இராமநாதபுரத்திற்குத் தென்கிழக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் பெரியபட்டினம் அமைந்துள்ளது. இன்று அதன் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளையும் தென்னைகளையுமே காண்கிறோம். ஒருகாலத்தில் அரபு நாட்டு மரக்கலங்கள் நங்கூரமிட்ட துறை இது என்றால் பார்ப்போர் எளிதில் நம்பமாட்டார்கள்.

மீன்சுருட்டியில் வாழும் நமக்கு இத்தகைய மாற்றம் புதிதன்று. நம் ஊருக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்துதான் முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கப்பற்படையை ஏவினான். அந்தத் தலைநகரில் இன்று பெருங்கோயில் நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டிலோ செங்கல் அடித்தளங்களே எஞ்சியுள்ளன. பட்டினங்களும் தலைநகரங்களும் இவ்வாறே மறைகின்றன. ஆயின் அவற்றில் எது எஞ்சுகிறது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தனர். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. வாணிகத்தின் செழிப்புக்கு அவை சான்று.

அருகிலுள்ள திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் மற்றொரு சான்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்திலிருந்த சோனகர் பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னர் வரி நீக்கி நிலம் வழங்கிய செய்தியை 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அப்பட்டினமே இன்றைய பெரியபட்டினம் என்பது ஆய்வாளர் கருத்து. முஸ்லிம்களின் தொழுகை இல்லத்துக்கான கொடை, வைணவக் கோயிலின் கல்லில் பொறிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது!

மொராக்கோவின் தான்ஜாவில் 1304இல் பிறந்த பயணி இப்னு பதூதா, 1344ஆம் ஆண்டளவில் இக்கரைக்கு வந்தார். 'பத்தன்' என்று அவர் குறிக்கும் துறைமுகம் பெரியபட்டினமே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். பெரும் மரத்தூண்கள்மீது கடலில் எழுப்பிய மண்டபத்தையும், கல்லால் கட்டிய பள்ளிவாசலையும், திராட்சை, மாதுளையின் மிகுதியையும் அவர் எழுதியுள்ளார்.

அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு மணவழி உறவினர். ஆயினும், போரில் பிடிபட்டோரின் பெண்டிரையும் குழந்தைகளையும் சுல்தான் கொல்வித்த கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. எந்த அரசரிடத்தும் தாம் கண்டிராத இழிசெயல் அது என்றும், அதனாலேயே இறைவன் அவரது அழிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார்.

இவ்விரு செய்திகளையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிற சமயத்து மன்னர் செய்த நன்மையை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். நம் சமயத்தவர் செய்த அநீதியை அநீதி என்றே கூறுகிறோம். உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சான்று பகர வேண்டும் என்பதன்றோ குர்ஆன் நமக்குக் கற்பிக்கும் நெறி? இம்மண்ணில் நம் வேர் எது என்று பிறர் வினவினால் சினம் கொள்ள வேண்டியதில்லை. திருப்புல்லாணிக் கல்லே விடை கூறும்.

அத்தகைய சான்றுகளைக் காப்பது நம் கடமையும் ஆகும். பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது எழுத்துள்ள தூண்களை உடைத்துவிடாதிருப்போம். மையவாடிகளில் உள்ள தொன்மையான மீஸான் கற்களில் சுண்ணாம்பு பூசாது, அவற்றைப் படிக்கத் தெரிந்தோரிடம் காட்டுவோம். கடலோர ஊர்களுக்குச் செல்லும் குடும்பத்தார், பிள்ளைகளைப் பெரியபட்டினத்துக்கும் திருப்புல்லாணிக்கும் அழைத்துச் செல்லட்டும்.

நீதியைச் சொல்லும் நாவையும் நன்றியை மறவாத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.