புதுச்சேரி மண்ணில் இந்திரனும் சூரியனும்

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவர்களும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் ஜப்பானிலோ கனடாவிலோ தொல்லுயிரியல் படிக்கும் ஒருவருக்குப் 'பாண்டிச்சேரி' வேறொரு காரணத்துக்காகத் தெரிந்த பெயர். நகரத்துக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள வழுதாவூர், சேதராப்பட்டு, ராயபுதுப்பாக்கம் பகுதிகளில், வயல்களுக்கு அடியிலும் ஓடைக் கரைகளிலும் ஒரு பழைய கடலின் அடித்தளம் கிடக்கிறது. (சேதராப்பட்டு என்றால் இன்று தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். அது வேறு விஷயம்!)

அந்தக் கடலில் வாழ்ந்தவற்றுள் முக்கியமானவை அம்மோனைட்டுகள். பார்க்க நத்தை ஓடு போலச் சுருண்டிருந்தாலும் இவை நத்தை இனம் அல்ல. கணவாய், பேய்க்கணவாய் ஆகியவற்றின் உறவினர்கள், அதாவது தலைக்காலிகள். ஓட்டின் உட்புறம் சிறுசிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். கடைசி அறையில் பிராணி குடியிருக்கும். மற்ற அறைகளில் உள்ள வாயு அதை மிதக்க வைக்கும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று விற்கிறார்களே, அந்தக் கணவாய் ஓட்டை உடைத்துப் பார்த்தால் இதே ஏற்பாட்டின் மிச்சம் தெரியும்.

1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் இந்தப் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கல் பொறுக்குவதற்கு எல்லை ஒரு தடையாக இருக்கவில்லை போலும். மூட்டைகள் லண்டனுக்குப் போயின. மீன் பற்களும் எலும்புகளும் சர் ஃபிலிப் எகர்ட்டனிடம் சேர, மற்ற உயிரினங்கள் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இளம் இயற்கையியலாளரின் மேசைக்கு வந்தன.

ஃபோர்ப்ஸ் 1846-இல் வெளியிட்ட அறிக்கையில் அவற்றுக்குப் பெயர் சூட்டினார். என்ன பெயர்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்திரா, சூர்யா, பிரம்மா, விஷ்ணு, மனு! சேகரித்துத் தந்த கே பெயரிலும் மீன்களை ஆராய்ந்த எகர்ட்டன் பெயரிலும் ஆளுக்கு ஒன்று. பேரினப் பெயர்கள் பின்னால் மாறினாலும், அறிவியல் விதிப்படி முதலில் வைத்த சிற்றினப் பெயர் நிலைத்துவிட்டது. அதனால்தான் கனடாவின் மேற்குக் கரையில் ஒரு பாறையிலிருந்து எடுக்கப்படும் அம்மோனைட்டைக்கூட இன்றும் 'சூடோஃபில்லைட்டஸ் இந்திரா' என்றே அழைக்கிறார்கள். நம் ஊரில் சாளக்கிராமம் என்று திருமாலாக வழிபடும் கல்லும் இமயத்து அம்மோனைட்தான் என்பதை இங்கே சேர்த்து நினைத்தால் சுவையாக இருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இதே ஃபோர்ப்ஸ்தான், ஆழ்கடலில் உயிரே கிடையாது என்று சொன்னவர்! 1841-42 ஆண்டுகளில் 'பீக்கன்' என்ற கப்பலில் ஏஜியன் கடலுக்குப் போய், வலை போட்டுக் கடலடியை வாரி எடுத்துப் பார்த்தார். ஆழம் கூடக்கூட உயிரினங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவர் வலை எட்டியது 230 பாகம் வரை. அந்தக் கணக்கை அப்படியே நீட்டி, 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, ஒன்றும் இருக்காது என்று 1843-இல் முடிவு கட்டினார். ஏஜியன் கடல் உயிர்வளம் குறைந்த கடல் என்பதும், எல்லாக் கடலும் அப்படி இருக்காது என்பதும் பிறகுதான் தெரிந்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்தும் உயிர்களை எடுத்துக் காட்டியது. அதைப் பார்க்க ஃபோர்ப்ஸ் இல்லை. 1854-இல், 39 வயதிலேயே இறந்துவிட்டார்.

புதுச்சேரி விஷயத்திலும் அவருக்குச் சறுக்கியது. அங்குள்ள அம்மோனைட்டுகளின் சாயலை வைத்து, அந்தப் பாறைகள் கிரிட்டேசியஸ் யுகத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று கணித்தார். பிரெஞ்சு அறிஞர் அல்சிட் தோர்பிஞியோ, இல்லை, அவை அந்த யுகத்தின் பிற்பகுதி என்றார். தோர்பிஞி சொன்னதே சரி. ஃபோர்ப்ஸின் பிசகு இன்றைய கணக்கில் ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

ஆனால் இதற்காக அவரைக் கேலி செய்வது நியாயமில்லை. இந்திரா, சூர்யா போன்றவை வழவழப்பான ஓடு கொண்ட, கரையை விட்டு விலகிய ஆழமான நீரில் வாழ்ந்ததாகக் கருதப்படும் வம்சங்களைச் சேர்ந்தவை. அந்த வம்சங்கள் பல கோடி ஆண்டுகளாகப் பெரிதாக உருமாறவில்லை. கரையோர அம்மோனைட்டுகள் முள்ளும் மேடுமாக மாறிக்கொண்டே இருந்தபோது, இவை பழைய பாணியிலேயே இருந்தன. தாத்தாவின் சட்டையைப் போட்டிருக்கும் பேரனைப் பார்த்து வயதைச் சொல்லச் சொன்னால் யார்தான் ஏமாற மாட்டார்கள்? லண்டனில் மேசை முன் உட்கார்ந்து, எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் சொன்ன கணிப்பு அது.

பிறகு வந்தவர்கள் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட், தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் நூல் வெளியிட்டார். (இவரே பின்னால் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார்.) அதே ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து துறையில் சேர்ந்த மொராவியாக்காரர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா, தென்னிந்தியத் தலைக்காலிகளைப் பற்றிய பெரும் படைப்பை 1866-க்குள் முடித்தார். பின்பு யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1874-இல் லடாக்கில் உயிர்விட்டார். கல்லறை லே நகரில் இருக்கிறது. 1890-களில் வார்த் என்பவர் புதுச்சேரிப் படிவங்களை அடுக்கு வாரியாகப் பிரித்துச் சேகரித்தார். அவற்றை ஆராய்ந்த வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட், இவை கிரிட்டேசியஸின் மேல் அடுக்குகளைச் சேர்ந்தவை என்று காட்டினார். அவர் பெயரிட்ட ஓர் அம்மோனைட்டுக்குப் 'பாண்டிச்சேரியானஸ்' என்றே பெயர்.

வழுதாவூர் அம்மோனைட்டுகள் வாழ்ந்தது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு அம்மோனைட் இனமும் முடிந்தது. இந்த அடுக்குகளுக்கு மேலே இருக்கும் கரசூர்ப் பாறைகள் அதற்குப் பிந்தையவை. அந்தக் காலத்தில் இந்திரனும் இல்லை, சூரியனும் இல்லை. ஆனால் அவற்றோடு ஒரே கடலில் இருந்த நாட்டிலஸ் வம்சம் தப்பியது. பசிபிக்கின் ஆழங்களில் இன்னும் வாழ்கிறது. ஏன் என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் ஒரு காரணம், குஞ்சு. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை. மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை நம்பியவை. விண்கல் மோதி மேல்நீரின் உணவு அற்றுப்போனபோது அவை தப்பவில்லை. நாட்டிலஸோ பெரிய முட்டையிடும். அதன் குஞ்சு பொரியும்போதே ஓர் அங்குல அளவு ஓட்டோடு வெளிவந்து, ஆழத்தில் கிடைத்ததைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.